இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி

அலுவலகத்தில் அவளைக் கீப்பர் என்றுதான் கூப்பிடுவார்கள். கோல்கீப்பரின் சுருக்கம். அந்தப் பெயரை அவளே தனக்கு வைத்துக்கொண்டாள் என்று பொறாமைக்காரர்கள் சொல்வதுண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும், பொருத்தமான பெயரை யார் வைத்தால் என்ன? ஒரு நிரல்மொழியையும் அது ஓடுகிற வி.எம்.மையும், அதாவது மெய்நிகர் இயந்திரத்தையும், செய்து தருகிற நிறுவனம் அது. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற புரோகிராமர்கள் அந்த மொழியில் எழுதுவார்கள். எழுதியதை வி.எம். வாங்கி, சிப்புக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றி ஓட்டும். ஓட்டும்போது சிப் சில நேரம் அலறும். தொடக்கூடாத இடத்தைத் தொட்டுவிட்டாய் என்று அலறும், சுழியத்தால் வகுக்கப் பார்க்கிறாய் என்று அலறும். அலறலைக் கவனிக்காமல் விட்டால் ஆப்பரேட்டிங் சிஸ்டம் வந்து மொத்தப் புரோகிராமையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். தள்ளுவதற்குள் பாய்ந்து பிடித்து, "ஐயா, உங்கள் புரோகிராமில் இத்தனாவது வரியில் இன்ன பிழை" என்று மரியாதையாக மாற்றிச் சொல்வதுதான் அவள் எழுதிய ஹேண்ட்லரின் வேலை. மொத்தம் அறுநூறு வரி. பதினோரு வருடமாக அதைக் கட்டிக் காக்கிறாள்.

அதில் அவளுக்கு மிகவும் பிடித்த சூட்சுமம் ஒன்று உண்டு. புரோகிராம் ஒரு பொருளைத் தொடும்போதெல்லாம், அது உண்மையில் இருக்கிறதா, காலியா என்று கேட்டுவிட்டுத் தொட வேண்டும். கோடிக்கணக்கான முறை கேட்டால் வேகம் எங்கே இருக்கும்? அதனால் அவள் வி.எம். கேட்பதே இல்லை. ஒரு பொருள் நினைவகத்தில் இருக்கிற முகவரியை வைத்திருப்பது சுட்டி; காலியான சுட்டி என்றால் அதிலுள்ள முகவரி சுழியம். சுழியத்தை ஒட்டிய நினைவகத்தைப் பூட்டி வைத்துவிட்டால் போதும். யாராவது காலியைத் தொட்டால் சிப் தானாக அலறும். எந்த முகவரியில் அலறியது என்று ஹேண்ட்லர் பார்க்கும், சுழியத்துக்குப் பக்கம் என்றால் 'நல் பாயிண்டர்' பிழை என்று சொல்லிவிடும். கேள்வியே கேட்காமல் பதில் தெரிந்துகொள்கிற வித்தை. மூன்று வருடத்துக்கு முன் நிறுவனம் புதிய வகைச் சிப்புக்கு மாறியபோது மற்றவர்கள் எல்லாம் வாரக்கணக்கில் தங்கள் பகுதிகளைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார்கள். கீப்பரின் அறுநூறு வரி மட்டும் ஒரு எழுத்துக்கூட மாறாமல் ஓடியது. அதைச் சொல்லிச் சொல்லி அவள் கணவருக்கே காது புளித்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை காலையில் நாத்தனார் வந்தாள். கணவரின் கடைசித் தங்கை. அண்ணியின் நிறுவனம் செய்து தருகிற மொழியில்தான் அவளும் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறாள், ஆனால் வேறு நிறுவனத்தில். நகரத்துப் பேருந்து நிறுத்தங்களில், அடுத்த பஸ் எத்தனை நிமிடத்தில் வரும் என்று காட்டுகிற பலகைகள் இருக்கின்றன அல்லவா, அத்தனை பலகைக்கும் நேரம் அனுப்புகிற புரோகிராம் அவளுடையது. இரண்டு வருட உழைப்பு. வழக்கமாக வாசலிலேயே அண்ணனை வம்புக்கு இழுத்துக்கொண்டு வருகிறவள், அன்று செருப்பைக் கழற்றியதும் நேராகச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்தாள்.

"அண்ணி, இத ஒரு நிமிஷம் பாருங்க. ஆறு வாரமா எனக்குப் பைத்தியம் பிடிக்குது."

விஷயம் இதுதான். ஆறு வாரமாக அவள் புரோகிராம் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை விழுகிறது. விழுந்து எழ இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடமும் ஊரிலுள்ள அத்தனை பலகையும் கறுப்பாகிவிடும். நிறுத்தத்தில் நிற்பவர்கள் சும்மா இருப்பார்களா? ஒவ்வொரு முறையும் வி.எம். சொல்கிற காரணம் ஒன்றே: வரி 212, நல் பாயிண்டர்.

"212-ல காலியானத தொட்டிருப்ப," என்றாள் கீப்பர், காபியைக் கையில் வைத்துக்கொண்டு. "வேற என்ன?"

"211-ல பாருங்க. காலியா இருந்தா திரும்பிப் போயிடுன்னு எழுதியிருக்கேன். காலியா இல்லன்னாதான் 212-க்கே வரும். அப்புறம் எப்படி 212-ல காலியாகும்?"

"கூடவே ஓடற வேற த்ரெட் ஏதாவது நடுவுல வந்து மாத்தியிருக்கும்."

"வேற த்ரெட்டே கிடையாது அண்ணி. ஒத்தை ஆளா ஓடுது."

கீப்பர் வரிகளைப் பார்த்தாள். எழுத்து சுத்தமாக இருந்தது. ஆனாலும் அவளுக்குச் சந்தேகம் தன் மேல் வரவில்லை. பதினோரு வருடத்தில் எத்தனை பேர் இப்படி வந்து "என் கோடு சரி, உன் வி.எம். தப்பு" என்று சத்தியம் செய்திருக்கிறார்கள்! கடைசியில் அத்தனை பேரும் தலையைச் சொறிந்துகொண்டுதான் போனார்கள். இவளும் நம் வீட்டுப் பெண் என்பதற்காகக் கணக்கு மாறிவிடுமா?

"வெள்ளிக்கிழமை மீட்டிங்," என்றாள் நாத்தனார். "அதுக்குள்ள நான் கண்டுபிடிக்கலன்னா புரோகிராம வேற ஆள்கிட்ட குடுக்கறாராம் மேனேஜர். என்னைப் புகார் போன் எடுக்கற மேசைக்கு மாத்தறாராம். எந்த பஸ் லேட்டு, எந்த போர்டு எரியலன்னு நாள் பூரா திட்டு வாங்கணும். எழுதினவளே திட்டு வாங்கினாத்தான் புத்தி வரும்னு சொன்னாரு."

"அவ்வளவு தூரம் போயிருச்சா?" என்றார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அண்ணன்.

"முதல்ல அவரும் என் பக்கம்தான் இருந்தாரு. மூணு வாரத்துக்கு முன்னாடி வி.எம். கம்பெனிக்கே எழுதிக் கேட்டோம். அங்கேர்ந்து ஒரு பதில் வந்துச்சு பாருங்க, அதுலதான் நான் செத்தேன்." போனை எடுத்து வாசித்தாள். "'212ஆவது வரியில் காலியான சுட்டி பயன்படுத்தப்பட்டுள்ளது. வி.எம்.மில் எந்தக் குறையும் இல்லை. இனிமேலாவது கவனமாக எழுதும்படி உங்கள் புரோகிராமரிடம் சொல்லவும்.' கீழ 'தளக் குழு'ன்னு போட்டிருக்கு, பேரு இல்ல. இத எழுதினவங்க மட்டும் என் கையில கெடைச்சாங்கன்னா, அண்ணி, சும்மா விடமாட்டேன்."

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல ஆயிற்று கீப்பருக்கு. அந்த 'இனிமேலாவது' அவளுடையது. ஒரு நாளைக்கு முப்பது புகாருக்குப் பதில் எழுதுகிறவள் அவள். எல்லாவற்றிலும் முதல் இரண்டு வாக்கியம் ஒன்றேதான், மூன்றாவது வாக்கியம் மட்டும் அன்றைய எரிச்சலைப் பொறுத்து. எந்த நிறுவனம், எந்த ஊர், எழுதியது யார் என்றெல்லாம் பார்ப்பதில்லை. பிழைச் செய்தியைப் பார்ப்பாள், பதிலைத் தட்டுவாள், அடுத்தது.

"நான் நேர்ல வந்து பாக்கறேன்," என்றாள். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. தப்பு இவளுடையதுதான், அதைப் போய்க் கண்டுபிடித்துக் கையில் கொடுத்துவிட்டால் அவள் வேலையும் பிழைக்கும், கடிதப் பேச்சும் தானாக அடங்கும் என்று அவளுக்கு ஒரு கணக்கு. வெட்கம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நம்பிக்கை அதைவிட இரண்டு படி அதிகமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனாள். பேருந்துக் கட்டுப்பாட்டு அறை ஒரு பழைய பணிமனையின் மாடியில் இருந்தது. சுவர் முழுக்கத் திரைகள், ஒவ்வொன்றிலும் ஒரு தடம். ஜன்னலுக்கு வெளியே பஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். டீசல் நாற்றமும் சோப்பு வாசனையும் சேர்ந்து மேலே வந்தன. இரண்டு பேர் காதில் ஹெட்போனோடு ஓட்டுநர்களிடம் பேசிக்கொண்டே இருந்தார்கள். மூலையில், பிரிண்டருக்கும் சுவருக்கும் நடுவில் நாத்தனாரின் மேசை. இரண்டு நாற்காலி போட இடமில்லாமல் ஒருத்தி பிரிண்டர் பெட்டியின் மேல் உட்கார வேண்டியிருந்தது.

கீப்பர் ஒரு சின்ன ஒட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தாள். சிப் அலறுகிற அந்தக் கணத்தில், எண்களைக் கைவசம் வைத்துக்கொள்ள அதற்குள் இருக்கிற சின்ன அறைகளான ரெஜிஸ்டர்கள் ஒவ்வொன்றிலும் என்ன எண் இருந்தது என்று ஒரு கோப்பில் எழுதிவிட்டு, பிறகு ஹேண்ட்லரை வழக்கம்போல வேலை செய்ய விடும். போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். ஒன்பதரைக்குப் போட்டது, பதினொன்று இருபது வரைக்கும் ஒன்றும் இல்லை. டாக்டர் வீட்டுக்குப் போனதும் பல் வலி நின்றுபோகுமே, அந்த மாதிரி.

பிறகு திரைகள் எல்லாம் ஒரே சமயத்தில் கறுத்தன. ஹெட்போன்காரர் ஒருவர், "வந்துட்டாண்டா," என்றார். சொல்லிவிட்டு நாத்தனார் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையைக் கீப்பரும் பார்த்தாள்.

கோப்பைத் திறந்தார்கள். அலறல் வந்த முகவரி: சுழியம்.

"பாத்தியா?" என்றாள் கீப்பர். குரலில் வெற்றி வேண்டாம் என்றுதான் நினைத்தாள், இருந்தும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. "சுழியம். காலிதான்."

நாத்தனார் பிரிண்டர் பெட்டியில் குனிந்து உட்கார்ந்து மேலிருந்து கீழே ஒவ்வொரு எண்ணாக விரலை வைத்துப் போனாள். அவளுக்கு இந்த மாதிரிக் கோப்பு பழக்கமில்லை, அதனால்தான் அவசரப்படவில்லை.

"அண்ணி, 212-க்கு உங்க வி.எம். போட்ட கட்டளை இதானே? ஏழாவது ரெஜிஸ்டர்ல இருக்கற முகவரிக்குப் போய்ப் படின்னு?"

"ஆமா."

"அப்ப, காலின்னா ஏழாவது ரெஜிஸ்டர்ல சுழியம் இருக்கணும். இங்க பாருங்க. இவ்வளவு நீளத்துக்கு ஒரு நம்பர் இருக்கே."

கீப்பர் பார்த்தாள். ஏழாவது ரெஜிஸ்டரில் பதினாறு இலக்கத்துக்கு ஒரு குப்பை எண் இருந்தது. அப்படி ஒரு முகவரி எந்தக் கணினியிலும் இருக்க முடியாது. முன்பக்க இலக்கங்களே அபத்தம்.

அவளுக்கு உடனே புரிந்தது. அதுதான் கொடுமை, புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை. பழைய சிப், எந்த முகவரியில் இடறினாலும் அந்த முகவரியை அப்படியே சொல்லும். புதிய சிப் அப்படியில்லை. முகவரி என்றே ஒப்புக்கொள்ள முடியாத எண் வந்தால் அது வேறு வகையாக அலறும், முகவரி எதுவும் சொல்லாது. சொல்ல ஒன்றும் இல்லாததால், ஆப்பரேட்டிங் சிஸ்டம் முகவரிக்கான கட்டத்தில் சுழியத்தைப் போட்டு அனுப்பிவிடும். மேல்விலாசம் புரியாத கடிதத்துக்குப் பதிவேட்டில் ஒரு முட்டையைப் போடுகிற தபால்காரர் மாதிரி. எனக்குத் தெரியாது என்று அர்த்தம். கீப்பரின் ஹேண்ட்லர் அதைக் காலி என்று படித்தது. சிப்பின் கையேட்டில் இது இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் அந்தப் பக்கத்தை அவள் படித்தும் இருக்கிறாள். ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் ஓடியதே, அந்தப் பெருமையில் திரும்ப யோசிக்கவில்லை.

211ஆவது வரி சரியாகத்தான் கேட்டிருக்கிறது. காலியா? காலியில்லை, குப்பை. குப்பையோடு 212க்குப் போயிருக்கிறது. அந்தக் குப்பையை வைத்தது நாத்தனாரின் புரோகிராமாக இருக்க முடியாது. அந்த மொழியில் அப்படி ஒரு எண்ணைச் சுட்டியில் எழுதவே வழி இல்லை. வி.எம்.தான் வைத்திருக்க வேண்டும்.

"உன் கோடுல தப்பு இல்ல," என்றாள். "எங்க வி.எம்.ல தப்பு. என் ஹேண்ட்லர் அத உன் தலையில போட்டிருக்கு."

நாத்தனார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நிஜமாவா?"

"நிஜமா."

"அப்ப அந்த லெட்டர்?"

"அதுவும் தப்பு."

அப்போதே சொல்லியிருக்கலாம். ஹெட்போன்காரர்கள் இருக்கிறார்களே, பிறகு சொல்லலாம் என்று நினைத்தாள். நல்ல சாக்கு கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

புதன்கிழமை அலுவலகத்துக்குப் போனதும் நேராகக் குப்பைக்காரர் மேசைக்குப் போனாள். அவர் வி.எம்.மின் கார்பேஜ் கலெக்டரைப் பார்த்துக்கொள்கிறவர், அதாவது வேண்டாத பொருள்களைக் கழித்து, வேண்டியவற்றை இடம் மாற்றி அடுக்குகிற பகுதி. இடம் மாற்றும்போது, அந்தப் பொருளைச் சுட்டுகிற எல்லாச் சுட்டியையும் திருத்த வேண்டும். ஒன்றை விட்டால் அது குடிமாறிப் போன பழைய வீட்டுக்கே வழி காட்டிக்கொண்டு நிற்கும், பிறகு அந்த வீட்டில் வேறு எதையாவது கொட்டுவார்கள். ஆறு வாரத்துக்கு முன் வந்த புதுப் பதிப்பில் அப்படி ஒன்று விட்டுப்போயிருந்தது. எங்கே தேட வேண்டும் என்று தெரிந்த பிறகு அவருக்கு அரை நாள்கூட ஆகவில்லை.

"அடக் கடவுளே," என்றார். "ஆறு வாரமா இதப் பத்தி ஒரு புகார்கூட வரலையே?"

"வந்துச்சு. பதினேழு. எல்லாத்தையும் என் ஹேண்ட்லர் நல் பாயிண்டர்னு மாத்தி வச்சுது, நான் அத நம்பி அவங்களயே திட்டி அனுப்பிட்டேன்."

குப்பைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி விடு. நாளைக்கே திருத்தம் போயிடும். ஹேண்ட்லரையும் சத்தமில்லாம சரி பண்ணிடு. யாருக்கும் தெரியப் போறதில்ல."

"சத்தமில்லாம இல்ல. இனிமே சுழியத்த மட்டும் பாக்காது. கட்டளையையும் ரெஜிஸ்டரையும் சேத்துப் பாக்கும். நிஜமாவே காலின்னா மட்டும்தான் புரோகிராமர் மேல சொல்லும். புரியலன்னா, எனக்குப் புரியல, இது வி.எம். கோளாறுன்னு அதே வார்த்தையில சொல்லிட்டு விழும்."

"கஸ்டமர் முன்னாடி நம்ம மானத்த நாமளே வாங்கிக்கணுமா?"

"நம்மளோடதுன்னா வாங்கித்தானே ஆகணும்," என்றாள் கீப்பர். திருத்தி எழுதியது நாற்பத்தோரு வரி. அதை எழுதும்போது பழைய நம்பிக்கை முழுசாகத் திரும்பி வந்திருந்தது. பதினேழு பேருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதினாள், தன் பெயரைப் போட்டு. பதினாறு அன்றே போயின. பதினேழாவதை அச்சடித்துப் பைக்குள் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி மீட்டிங்குக்கு அவளும் போனாள். பணிமனை மாடியில், கண்ணாடி போட்ட சின்ன அறை. மேனேஜர் கடுகடுப்பான ஆள் என்று கேள்விப்பட்டிருந்தாள். நேரில் பார்த்தால் தூக்கமில்லாத ஆளாகத்தான் தெரிந்தார். முன்னால் பழைய கடிதத்தின் அச்சுப்பிரதி. 'இனிமேலாவது' என்ற சொல்லுக்குக் கீழே யாரோ பேனாவால் கோடு போட்டிருந்தார்கள். நாத்தனார் எதிரில் உட்கார்ந்து, அண்ணி வந்ததில் நிம்மதியாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே பேசத்தான் கஷ்டமாக இருந்தது.

"மேடம், நீங்க வி.எம். கம்பெனிலேர்ந்துன்னு சொன்னாங்க. உங்க கம்பெனியே இப்படி எழுதியிருக்கு..." என்று ஆரம்பித்தார் மேனேஜர்.

"அத எழுதினது நான்தான் சார்."

நாத்தனாரின் சிரிப்பு அப்படியே நின்றது.

கீப்பர் நிறுத்தவில்லை, நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாது என்று தெரியும். எண்ணைக் காட்டினாள், ரெஜிஸ்டரைக் காட்டினாள், சிப் என்ன சொன்னது, தன் ஹேண்ட்லர் அதை என்னவாக மாற்றியது என்று ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தாள். நேற்று மதியம் திருத்தம் போட்டதிலிருந்து பலகைகள் ஒரு முறைகூடக் கறுக்கவில்லை என்பதை ஹெட்போன்காரரே கதவருகில் நின்று சொன்னார். பதினேழாவது கடிதத்தை மேசையில் வைத்தாள். குறை வி.எம்.முடையது, உங்கள் புரோகிராமர் எழுதியதில் ஒரு தவறும் இல்லை, கண்டுபிடித்ததும் அவர்தான். கீழே அவள் கையெழுத்து.

மேனேஜர் இரண்டு முறை படித்தார். "இத மூணு வாரத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"பாக்கல சார். பாக்காமலே தெரியும்னு நெனைச்சேன்."

அவர் பழைய கடிதத்தை எடுத்து நான்காக மடித்துக் கிழித்தார். "நானும்தான் பாக்கல," என்றார். பிறகு நாத்தனாரிடம், "மேசையெல்லாம் மாற வேண்டாம்மா. புரோகிராம் உன்னோடதுதான். அங்க எல்லார் முன்னாடியும் நானே சொல்லிடறேன்," என்றார். சொன்னபடி வெளியே போய்ச் சொன்னார். யாரோ கை தட்டினார்கள்.

நாத்தனார் கை தட்டலுக்கு நிற்கவில்லை. படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். கீப்பர் பின்னாலேயே ஓடிப்போய் நடுப்படியில் பிடித்தாள். கீழே பஸ் கழுவுகிற தண்ணீர்ச் சத்தம் பலமாக இருந்தது.

"சனிக்கிழமையே உங்களுக்குத் தெரியும்ல?"

"லெட்டர் என்னோடதுன்னு தெரியும். தப்பு என்னோடதுன்னு செவ்வாய்க்கிழமைதான் தெரியும்."

"செவ்வாய்க்கிழமை ஏன் சொல்லல?"

"பயம்," என்றாள் கீப்பர். வேறு நல்ல வார்த்தை தேடவில்லை. "எழுதினவங்க கையில கெடைச்சா சும்மா விடமாட்டேன்னு சொன்னல்ல. இந்தா, கெடைச்சுட்டேன். திட்டு."

நாத்தனார் திட்டவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேலை போயிடுமேன்னுகூட இல்ல, அண்ணி. அந்த லெட்டர் வந்ததுலேர்ந்து எனக்கு என் மேலயே நம்பிக்கை போயிருச்சு. சரியா எழுதியிருக்கறத கண்ணால பாக்கறேன், அது தப்புன்னு உங்க வி.எம். சொல்லுது. அப்ப என் கண்ணுதானே தப்பா இருக்கணும்? காலைல வீட்டப் பூட்டிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் வருவேன். கேஸ அணைச்சேனான்னு சந்தேகம் வந்துடும். திரும்பிப் போய்ப் பாப்பேன். போன வாரம் ஒரே நாள்ல மூணு தடவை போனேன்."

"போய்ப் பாத்தா?"

"மூணு தடவையும் அணைச்சுதான் இருந்துச்சு, அண்ணி."